மேசைக்கு அடியிலிருந்து பார்த்தது

அன்புள்ள ஆழாக்குக்கு,

நாங்கள் நலம் என்ற வரியை முதலில் எழுதிவிடுகிறேன், மேலே படிக்கும்போது நீ பதறக் கூடாது என்பதற்காக. நானும் உன் அம்மாவும் முழுசாக இருக்கிறோம், கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டி, நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாமே என்றாள் அம்மா. போனில் எனக்குப் பேச்சு வரிசையாக வராது, நீ நடுவில் ஒரு கேள்வி கேட்டால் எங்கே விட்டேன் என்பதே மறந்துபோகும். எழுதுவதற்கு முன் குறிப்பு போட்டுக்கொள்ளும் என் பழக்கத்தைப் பார்த்து நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். இந்தக் கடிதத்தில் வருபவை இவை:

1. எங்கள் உடல்நிலை, வீட்டு நடப்பு (சுருக்கமாக).
2. பூட்டுக்காரர் கடையில் நடந்தது.
3. போலீஸிடம் நான் சொன்னது.
4. உன் பாடங்களில் எனக்குப் புரிந்தது, புரியாதது.
5. இந்தக் குற்றவியல் படிப்பை இந்த ஆண்டோடு விட்டுவிட்டு நீ கணக்குப் பாடத்துக்கு மாற வேண்டும் என்பது, அதற்கான காரணங்கள்.

முதல் குறிப்பு. என் முழங்கால் வலி முன்போலத்தான், மாடி ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியோடு கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன். அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது முடிந்துவிட்டது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், முதலில் தெரிந்தது சமையலறைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு, அடுத்தது என் முகம், இரண்டும் மங்கலாகவே இருந்திருக்கலாம் என்கிறாள். உன் அண்ணன் மாறுதல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறான், இன்னும் பதில் இல்லை. உன் அலமாரியின் சாவியை நீ பையோடு கொண்டுபோய்விட்டாய். போர்வைகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன, இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு நான் கீழே பூட்டுக்காரர் கடைக்குப் போனது இதனால்தான், வேறு எதனாலும் இல்லை. முதல் குறிப்பு இத்துடன் முடிகிறது.

இரண்டாவது. நம் கட்டடத்தின் கீழே அவர் கடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடும். ஒரு பக்கச் சுவர் முழுக்க எண் போட்ட கொக்கிகள், கொக்கிகளில் வெட்டாத சாவிகள். மேசை ஓரத்தில் அந்த இரும்புப் பிடி, சாவியைக் கவ்வ வைத்துத் திருகி இறுக்கிவிட்டு அரம் போடுவாரே, அது. நேற்று மதியம் நான் உள்ளே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் உன் பூட்டைப் பிரித்துக்கொண்டே, பொண்ணு சாவியைக் கையோட கொண்டுபோயிருக்குன்னா அலமாரியில ஏதோ சங்கதி இருக்கு ஐயா, திறக்காம விட்டுடுங்க என்று சிரித்தார். அப்போது இரண்டு இளைஞர்கள் வந்தார்கள், இஸ்திரி கலையாத சட்டை. ஒருவன் குளிக்கிற சோப்பு ஒன்றை மேசையில் வைத்தான். அதில் ஒரு சாவியை அழுத்தி எடுத்த பள்ளம் இருந்தது. முன்பே ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனவர்கள் போலிருக்கிறது. பூட்டுக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தால் போட்டுத் தருவதாகச் சொன்னார், சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், அவர் வாய் சும்மா இருக்காதே, சோப்பு குளிக்கிறதுக்குத்தான் தம்பி, போய்க் குளிச்சுட்டு நல்ல புத்தியோட வாங்க என்றார்.

அவர்களில் ஒருவன் கதவு ஷட்டரைப் பாதிக்கு மேல் இழுத்து இறக்கினான். மற்றவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு இரும்புக் கம்பியை உருவினான். நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன். போக வேண்டும் என்று யோசித்துப் போகவில்லை, யோசிப்பதற்கு முன் உடம்பே போய்விட்டிருந்தது. முதல் அடி மேசைமேல் விழுந்தது, அரங்களும் திருப்புளிகளும் என் முதுகில் கொட்டின. இரண்டாவது அவர் மேல். அது எப்படிக் கேட்கும் என்று உனக்குச் சொல்ல எனக்கு உவமை தெரியவில்லை, ஈரமான ஒன்றின் மேல் விழுகிற சத்தம். பிறகு அவர் வலது கையைப் பிடித்து இழுத்து அந்த இரும்புப் பிடிக்குள் வைத்து, கைப்பிடியைத் திருகினார்கள். திருகும்போது அது கிறீச்சிடும் அல்லவா, எண்ணெய் போட வேண்டும் என்று அவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்த சத்தம், அது கேட்டது, அதன் மேல் அவர் அலறல், அலறலுக்கு உள்ளே விரல்கள் ஒன்றொன்றாக உடைவது தனியாகக் கேட்டது. சாவிப் பலகை சரிந்து சாவிகள் மழையாகக் கொட்டின. தலையில் ஓர் அடி விழுந்தது, அலறல் நின்றுவிட்டது, அது நின்றதுதான் இருந்த சத்தங்களிலேயே பெரியதாக இருந்தது. மேசை விளிம்பிலிருந்து ரத்தம் நூல் நூலாக என் கணுக்கால் அருகே வடிந்தது. பிறகு நான் பார்த்தது ஒரு ஜோடிக் காலணி. கனமான கருப்புக் காலணி, இடது காலின் முனை பிளந்து நீலக் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தது. அது பூட்டுக்காரரின் தலைமாட்டில், ரத்தத்தில் நின்றது. இரண்டு பெரிய கைகள் இறங்கி வந்து அவர் தோளைப் பற்றி உலுக்கிப் புரட்டின. நான் முனகிவிட்டேன் போலிருக்கிறது, காலணி ஒரு கணம் தயங்கி, திரும்பி ஓடிவிட்டது.

நீலக் கயிறு யாருடையது என்று இந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. நீ கல்லூரிக்குப் புறப்பட்டபோது உன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை வந்தானே, கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன், ஒட்டகம் என்று தெருவே கூப்பிடுகிறவன், அவனுடையது. யாரையோ கத்தியால் குத்திவிட்டு உள்ளே இருந்துவிட்டு வந்தவன், இன்னும் கண்காணிப்பில் இருப்பவன். அன்றைக்கு அவன் உன்னிடம், நல்லா படிச்சுட்டு வா பாப்பா, எங்களை மாதிரி ஆளுங்களைப் பத்தித்தானே படிக்கப் போற என்று சொன்னதும், நீ அதற்குச் சிரித்ததும் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

பேக்கரி வண்டியில் பூட்டுக்காரரை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு நடந்ததை நீ படித்தால் தலையில் அடித்துக்கொள்வாய். சலவைக்கடையில் வேலை செய்யும் அவர் மனைவிக்கு ஆள் போயிருந்தது. அவள் வந்து இதைப் பார்க்கக் கூடாது என்று உன் அம்மா வாளியும் துடைப்பமும் பினாயிலும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள், மாடியில் இருக்கிற பெண்கள் எல்லோரும் அவள் பின்னால். சம்பவம் நடந்த இடத்தில் ஒரு துரும்பைக்கூடத் தொடக் கூடாது என்பது கல்லூரியில் முதல் நாள் வகுப்பிலேயே சொல்லித் தந்த பாடம் என்று நீ அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய். எனக்கு நினைவு இருந்தது. தொடக் கூடாதாம் என்று நான் சொன்னேன், மெதுவாகத்தான் சொன்னேன். யார் சொன்னது என்றாள். ஆழாக்கு எழுதியிருந்தாள் என்றேன். “அப்ப அவளே வந்து அந்தப் பொண்ணுகிட்ட சொல்லட்டும், இது உன் புருஷன் ரத்தம், மிதிக்காம ஓரமா வாம்மான்னு. வாளியைப் பிடிங்க.” பிடித்தேன். அதோடு நின்றேனா, சிதறிக் கிடந்த சாவிகளைப் பொறுக்கி, துடைத்து, எண் பார்த்து, கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்தபோது கடை, பூட்டுக்காரர் நடத்திய காலத்தில் ஒரு நாளும் இல்லாத அளவுக்கு ஒழுங்காக இருந்தது. இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். இது அடிதடி நடந்த இடமா, விருந்தாளி வரப்போற வீடா என்று கேட்டார். பெண்கள் வாளிகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது குறிப்பு. இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். தரையில் கால் தடம் இருந்திருக்கும், யார் முதலில் வந்தான், யார் பிறகு வந்தான், எவன் எங்கே நின்றான் என்று தரையே சொல்லியிருக்கும், இப்போது அதையும் சேர்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும் ஐயா என்றார். நான் வரிசைப்படுத்திச் சொன்னேன். இருவர் வந்தார்கள், ஷட்டரை இறக்கினார்கள், கம்பியால் அடித்தார்கள், கையை நசுக்கினார்கள், மூன்றாவதாக நீலக் கயிற்றுக் காலணிக்காரனும் உள்ளே இருந்தான், அவரைப் பிடித்து உலுக்கினான், ஓடினான். வாசலில் கூட்டம் நின்றது. காய்கறிக்கடைக்காரர் முன்வரிசையில் நின்றார். நான் எடையும் அளவும் சரிபார்க்கும் அலுவலகத்தில் இருந்த காலத்தில் அவருடைய குறைந்த எடைக்கற்களைப் பறிமுதல் செய்தவன், அதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். நேற்று அவரே எல்லோருக்கும் கேட்கும்படி, கிராம் பிசகாத மனுஷன் சொல்றார், ஒட்டகம்தான், இனி என்ன விசாரணை வேண்டிக்கிடக்கு என்றார். இன்று காலை பால் வாங்கப் போனபோது எல்லோரும் வழிவிட்டார்கள். எனக்கு அது பழக்கமில்லை, ஆனாலும் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். நாலாவது குறிப்புக்குப் போகலாம் என்றால் தெருவில் ஏதோ கூச்சல், அம்மா பால்கனியிலிருந்து கூப்பிடுகிறாள். என்னவென்று பார்த்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

மீண்டும் எழுதுகிறேன், இடையில் சில நாட்கள் போய்விட்டன. கை கால் அதனதன் இடத்தில் இருப்பதாகத் தொடக்கத்தில் எழுதியிருந்தேன், இடது தோள் மட்டும் இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கழுத்தெலும்பில் விரிசல், தூளி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், வலது கைக்கு ஒன்றும் இல்லை, எழுத முடிகிறது, நீ புறப்பட்டு வரத் தேவையில்லை. நாலாவதுக்குப் போவதற்கு முன் மூன்றாவதையே மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது, வரிசை கெடுகிறது, பொறுத்துக்கொள்.

அன்றைக்குப் பால்கனியிலிருந்து பார்த்தபோது ஒட்டகத்தைக் கிட்டங்கியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். போலீஸ் வருவதற்கு முன்னால் தெருவே போய்ப் பிடித்துவிட்டது. நான் இறங்கினேன், ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை, அம்மா சட்டையைப் பிடித்து இழுத்ததும் நினைவிருக்கிறது. அவனை விளக்குக் கம்பத்தோடு சேர்த்து, அவன் மூட்டை கட்டும் கயிற்றாலேயே கட்டியிருந்தார்கள். தினமும் நாம் பார்க்கிற முகங்கள்தான், ஆழாக்கு. பேக்கரியில் மிச்சமான ரொட்டியைத் தெருநாய்க்குப் போடுகிறவர் அவன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தார். உன் பள்ளிச் சீருடைகளைத் தைத்த தையல்காரர் காலணியைக் கழற்றி அவன் வாயில் அடித்தார், பல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. காய்கறிக்கடைக்காரர் தன் பழைய தராசின் இரும்புத் தண்டை எடுத்து வந்திருந்தார். அதன் ஒரு முனையில் எங்கள் அலுவலக முத்திரை இருக்கிறது, நான் என் கையால் அடித்த முத்திரை. அந்த முனை அவன் கண்மேல் விழுந்ததைப் பார்த்தேன். இந்த முறை என் கண் திறந்திருந்தது. கயிறு அறுந்து அவன் சரிந்தான், சரிந்தவனை மிதித்தார்கள். ஒவ்வொருவரும் அடிப்பதற்கு முன், ஐயா சொன்னார், ஐயா பார்த்தார் என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டார்கள். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன், நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதா என்றுகூட எனக்கு நிச்சயம் இல்லை.

அப்போது ஒரு பெண்மணி வந்தார். உன் அத்தை வயது இருக்கும், ஒல்லி, மூக்குக் கண்ணாடி, தோளில் துணிப்பை. கிட்டங்கி வாசலில் அவ்வப்போது ஒட்டகத்திடம் நின்று பேசிவிட்டுப் போகிறவர், அவனுக்கு ஏதோ உறவு என்று நினைத்திருந்தேன். அவனுடைய நன்னடத்தை அலுவலராம். சிறையிலிருந்து முன்னதாக வெளியே விடப்பட்டவர்கள் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற வேலை, நீ போன கடிதத்தில் எழுதியிருந்த அதே வேலை. அவர் கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை, நகருங்க நகருங்க என்று பேருந்தில் ஏறுகிறவர் மாதிரி உள்ளே நுழைந்தார். யாருடைய முழங்கையோ பட்டு ஒரு தடவை கீழே விழுந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். துணிப்பையை அவன் தலைமேல் வைத்து, அதன்மேல் தான் குனிந்துகொண்டார். ஒரு கல் வந்து அவர் காதுக்கு மேலே பட்டது, ரத்தம் கழுத்துக்குள் இறங்கியது. அதைத் துடைக்காமல் நிமிர்ந்து, யாரு பார்த்தது என்று கேட்டார். கூட்டம் என்னைக் கைகாட்டியது. அத்தனை கைகள் என் பக்கம் நீண்டது அதுதான் முதல் தடவை. ஐயா நீங்கள் பார்த்தீர்களா என்றார். பார்த்தேன் என்றேன். என்ன பார்த்தீர்கள் என்றார். காலணி என்றேன்.

“அடிச்ச கையைப் பார்த்தீங்களா?”

இதை என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நின்ற இடத்திலேயே மறுபடி மேசைக்கு அடியில் போய்ப் பார்த்தேன். அவர் கையை அந்தப் பிடிக்குள் வைத்தபோது நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அலறல் நின்ற பிறகும் திறக்கவில்லை. திறந்தபோது காலணி நின்றது. இரண்டுக்கும் நடுவில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நடுவில் இருந்த ஓட்டையை நானே அடைத்து, வழவழப்பாக்கி, வரிசை போட்டு இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, பொய்யாக இருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். கண்ணை மூடியிருந்தேன் என்று சொன்னேன். காய்கறிக்கடைக்காரர் தண்டைத் தூக்கிய கையோடு, என்ன ஐயா, நேத்து வேற மாதிரி எடை போட்டீங்களே என்றார். அதற்குப் பதில் சொல்ல நான் ஓர் அடி முன்னால் வைத்தேன், முழங்கால் மடங்கிவிட்டது, ஒட்டகத்தின் மேல் பாதியும் தரையில் பாதியுமாக உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓங்கிய தண்டு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது, அது என் தோளில் முடிந்தது. என்னை அடித்ததில் அவருக்கே திக்கென்று ஆகிவிட்டது, கூட்டமும் விலகியது. குறுக்கே போய் உட்கார்ந்து காப்பாற்றினார் என்று தெருவில் இப்போது பேச்சு. முழங்கால்தான் என்று நான் சொன்னால் தன்னடக்கம் என்கிறார்கள். நீயாவது நம்பு, முழங்கால்தான்.

ஒட்டகம் உடைந்த வாயால் என்னிடம் சொன்னது இது: தெருவில் மூட்டையோடு போனபோது அலறல் கேட்டதாம், இரண்டு பேர் ஷட்டருக்கு அடியில் நுழைந்து வெளியே ஓடினார்களாம், இவன் உள்ளே நுழைந்து பூட்டுக்காரரைத் தூக்கப் பார்த்திருக்கிறான், அப்போது நான் முனகியிருக்கிறேன். “ஜெயிலுக்குப் போய் வந்தவனை அங்க பார்த்தா யாருங்க ஐயா நம்புவாங்க. அதான் ஓடிட்டேன்.” இரண்டு நாள் கழித்துப் பேச்சு வந்ததும் பூட்டுக்காரரும் அதையே சொன்னார், வந்தது இருவர்தான். ரத்தம் மூச்சுக்குழாயில் இறங்காமல் அவரை யாரோ ஒருக்களித்துப் புரட்டி விட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் பேக்கரி வண்டி வருவதற்குள் போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். நான் உலுக்கினான் என்று சொன்னது அதைத்தான். பூட்டுக்காரருக்கு வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். ஒட்டகத்துக்கு ஒரு கண் போய்விட்டது. தரையைக் கழுவாமல் விட்டிருந்தால் வாசலிலிருந்து உள்ளே வந்த அவன் தடம் ரத்தத்துக்கு மேலே தெரிந்திருக்கும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் திருத்திச் சொன்ன வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும்போது, இந்தத் தடவை கண்ணைத் திறந்துகிட்டுத்தானே சொல்றீங்க என்று கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒட்டகத்தைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நாளைக்கும் போவேன்.

நாலாவது. நீ எழுதிய பாடங்களில் புள்ளியியல் எனக்குப் புரிகிறது, உளவியல் பாதி, சமூகவியல் பெயர் மட்டும். நீ கைப்பந்துக் குழுவில் சேர்ந்ததும், மாதிரி நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று திக்கியதும் படித்து அம்மாவும் நானும் சிரித்தோம். முதலில் துப்பறிகிற வேலை என்றாய், சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டிய பிறகு, பிடிக்கிற வேலையை விட வெளியே வந்தவர்கள் கூட நடக்கிற வேலைதான் பிடித்திருக்கிறது என்றாய். வகுப்பில் பாடம் நடக்கும்போது ஒருவன் ஓடிவந்து ஆசிரியையின் பையைப் பறித்துக்கொண்டு ஓடியதையும், அது அவரே ஏற்பாடு செய்தது என்பதையும், பார்த்ததை எழுதச் சொன்னபோது ஒருத்தர் எழுதியது போல் இன்னொருத்தர் எழுதவில்லை என்பதையும், நீ அடித்துச் சொன்ன சிவப்புச் சட்டை கடைசியில் நீலமாக இருந்ததையும் எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது, கவனம் போதாத பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் எனக்குப் புரிந்த பாடமாகத்தான் அப்போது தோன்றியது. நீ சின்னவளாக இருந்தபோது ஒருநாள் என்னோடு சந்தைக்கு வந்தாய். எங்கள் அலுவலகத்து அளவுப் பாத்திரங்களிலேயே சின்னதைப் பார்த்து உனக்கு வைத்த பெயர் உன் உயரத்துக்குச் சரியாக இருந்த காலம். நான் கடைக்காரர்களின் கற்களை என் கல்லோடு வைத்து நிறுத்துக்கொண்டிருந்தேன். உங்க கல்லு சரியான்னு யாருப்பா பார்ப்பாங்க என்று கேட்டாய். தலைமை அலுவலகத்தில் இதைவிட நல்ல கல் இருக்கிறது, அதோடு வைத்துப் பார்ப்பார்கள் என்றேன். அந்தக் கல்லை யார் பார்ப்பாங்க என்றாய். கடைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நான் உனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

ஐந்தாவதுக்கு வந்துவிட்டேன். குறிப்பில் போட்டதை எழுதாமல் விட எனக்கு மனம் வராது. காரணம் ஒன்று, அந்த நன்னடத்தை அலுவலர் அம்மாளின் காதுக்கு மேலே தையல் போட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கம் காது சரியாகக் கேட்கவில்லையாம், நாளைக்கு அந்த இடத்தில் நீ நின்றால் கல் உன் தலையைத் தேடி வரும் என்று நான் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காரணம் இரண்டு, நேற்றுக் காலை நம் வீட்டு வாசலில் புதுச் சோப்பு ஒன்று கிடந்தது, நடுவில் கட்டைவிரலை அழுத்திய பள்ளம். இரண்டு பேரும் இன்னும் வெளியே இருக்கிறார்கள், நான் பேசியது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா குனிந்து எடுக்கப் போனாள், பெருக்குகிறவள் கை, சும்மா இருக்குமா. தொடாதே என்று கத்தினேன். இத்தனை வருடத்தில் அவளிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை, அவளுக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடிவிட்டு இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன். சோப்பில் ரேகை அச்சுப் போட்டதுபோல விழுந்திருக்கிறது என்றார், பாத்திரம் கவிழ்த்த யோசனை யாருடையது என்று கேட்டார், மகள் முதலாண்டு படிக்கிறாள் என்றேன். பிடிபடுவார்களா தெரியாது. காரணம் மூன்று, நம் வீட்டில் தைரியம் என்பது இருப்பில் இல்லாத சரக்கு, என்னிடம் இல்லாததை நான் உனக்குக் கொடுத்து அனுப்பியிருக்க முடியாது. இந்த வேலையில் கத்தியும் கல்லும் பிடித்த கைகளோடுதான் நாள் முழுக்க. கணக்கில் நீ நல்ல மதிப்பெண் வாங்குகிறவள், இந்த ஆண்டு முடிவதற்குள் மாற்றிக்கொள்ள இடம் இருக்கும், அலுவலகத்தில் கேட்டுப் பார். நான் வற்புறுத்தவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

நீ எங்கே நடந்தாலும் உன் காலில் ஒரு முள்ளும் தைக்காமல், போன வழியே பத்திரமாகத் திரும்பி வர வேண்டும், நெடுநாள் நல்ல பெயரோடு வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். அலமாரிச் சாவியை யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு, உன் பூட்டு பிரித்தபடியே போலீஸ் நிலையத்தில் இருக்கிறது, போர்வை இல்லாமல் அம்மா என்னுடையதையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறாள். விடுதியில் கதவைச் சாத்தியதும் தாழ்ப்பாள் போட மறக்காதே.

என்றும் உன் நினைவோடு,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் வழக்கம்போல் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் நாலுக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை, தன்னைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் உதட்டைச் சுழித்தாள். கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுக் காகிதங்களை அடுக்கி என் மடியில் வைத்தாள். “அந்த ஆபீசர் அம்மாவோட அப்பாவும் அந்தக் காலத்துல இப்படி ஒரு கடுதாசி போட்டு, அவங்களும் சரிப்பான்னு கேட்டிருந்தா, அன்னிக்கு ஒட்டகத்தோட கதி என்ன? உங்க கதி என்ன?” கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் மூன்று காரணங்களையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் கேட்டதற்கு அவற்றில் பதில் இல்லை. அந்த அம்மாளிடமும் அன்றைக்குத் தைரியம் என்று தனியாக எதையும் நான் பார்க்கவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டார், அவ்வளவுதான். அதைக் கேட்க உனக்கு நான் கற்றுத் தரவில்லை, மிட்டாய் வாங்கிக் கொடுத்து நிறுத்தத்தான் பார்த்தேன், நீ நிறுத்தவில்லை. தவறாக விழுந்த முத்திரையை எங்கள் அலுவலகத்தில் சுரண்டி அழிக்க மாட்டோம், செல்லாது என்று பக்கத்தில் இன்னொரு குறி போடுவோம். ஆகவே மேலே எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், இதைப் பக்கத்தில் போட்ட குறியாக எடுத்துக்கொள். ஐந்தாவது குறிப்பு தவறு.